இரவு ஷிஃப்டில் நான் ஒருவன் மட்டும்தான். சப்ளையை நிறுத்தி ஷட்டவுன் தர மறுக்கிறார்கள். ரப்பர் மேட் மேல் நின்று சப்ளை இருக்கும் லைவ் பேனலில் வேலை செய்யலாமா?

வேண்டாம் தம்பி. ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலோ இன்னொரு ஃபேஸிலோ பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். காலுக்கு அடியில் மேட் இருந்தும் பயனில்லை. போன கரண்ட் அப்படியே திரும்பி வருவதால் கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் ஆர்.சி.சி.பி.யும் ட்ரிப் ஆகாது. அதைப் பொறுத்தவரை நீங்களும் ஒரு லோடுதான்.

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தேன். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷின் நின்றுவிட்டது. ஹெல்பர் லீவு. "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டுவிட்டு மேஸ்திரி போய்விட்டார். மெஷினின் எம்.சி.சி.பி. என்ற மெயின் பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு, மோட்டாருக்குச் சப்ளை விடும் கான்டாக்டர் ஸ்விட்ச்சைக் கழற்ற ஆரம்பித்தேன். அதில் இரண்டு மெஷின்களின் கன்ட்ரோலை இணைக்கும் ஓர் இன்டர்லாக் ஒயர் பக்கத்து பேனலிலிருந்து வருவது எனக்குத் தெரியாது. 230 வோல்ட். வலது கை அந்த ஒயரில், இடது முழங்கை பேனல் பாடியில்.

கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கைத் தசை இறுகி, விட நினைத்தாலும் விரல் விரியாமல் போகலாம். இன்னும் கூடினால் மார்புத் தசையும் பிடித்துக்கொள்ளும். கத்தியிருந்தாலும் அந்த மெஷின் சத்தத்தில் யார் காதில் விழும்? கால் மடங்கி விழுந்தேன். விழுந்த வேகத்தில் கை விடுபட்டது. நான் பிழைத்தது அதனால் மட்டும்தான்.

கூட ஒரு ஆள் வேண்டும் என்பது ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க அல்ல. வேலை தொடங்கும் முன் எந்த ஸ்விட்ச் என்று நேரில் காட்டி, "எனக்கு ஏதாவது ஆனா முதல்ல இதை ஆஃப் பண்ணு, என்னைத் தொடாதே" என்று சொல்லி நிறுத்துவேன். டார்ச் பிடிக்கக்கூட அவரைப் பேனலுக்குள் குனிய விடமாட்டேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை மார்பை அமுக்கவும், 108-க்குக் கூப்பிடவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதயம் நின்றுபோனால் மூளை தாங்குவது சில நிமிடம்தான். ஷிஃப்ட் மாறும்போது பார்ப்பவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

வோல்டேஜ் அளப்பது சப்ளையோடுதான் முடியும். அதற்குத்தான் அந்த ஆள். கழற்றுவது, மாட்டுவது எல்லாம் ஆள் இருந்தாலும் ஆஃப் செய்த பிறகுதான். ஸ்விட்ச்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். மீட்டர் சரியாக இருக்கிறதா என்று தெரிய, அதை முதலில் சப்ளை இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், மறுபடியும் சப்ளை இருக்கும் இடத்தில். நியான் டெஸ்டரை நம்பாதீர்கள். நீங்கள் சொல்லும் அதே ரப்பர் மேட் மேல் நின்றால் சப்ளை இருந்தும் அது எரியாமல் போகலாம். கெபாசிட்டர் பேனலில் ஆஃப் செய்த பிறகும் சார்ஜ் நிற்கும்.

ஷட்டவுன் தரவில்லை என்றால் லாக் புக்கில் எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்து வையுங்கள். நான் மூன்று ராத்திரி அப்படி எழுதினேன். அதற்குப் பிறகுதான் இரவு ஷிஃப்டுக்கு இரண்டாவது ஆளைப் போட்டார்கள்.