ஊரடங்கும் படுக்கையறையும்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

எனக்கு 39 வயது. ஊரடங்கு முழுக்க நானும் மனைவியும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அடுத்த வருஷம் பிரசவ வார்டு நிரம்பப் போகிறது என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். எங்களுக்குள் மாதக்கணக்கில் எதுவும் நடக்கவில்லை. நடுவில் எனக்குக் கோவிட் வந்து போனது. அப்புறம் முயன்றபோதெல்லாம் விறைப்பு பாதியிலேயே போய்விட்டது. இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. அவளைப் பிடிக்காமல் போகவில்லை, உடம்புதான் கேட்கவில்லை. இது நோயாலா, தடுப்பூசியாலா, வயசாலா? அவளிடம் எப்படிச் சொல்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தக் கேலி. 2020 மார்ச்சில் ஊர் உலகமெல்லாம் இதே ஜோக்தான் ஓடியது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால் அமெரிக்கா, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் என்று பல நாடுகளில் பிறப்பு எண்ணிக்கை இறங்கியிருந்தது. குழந்தையை வேண்டுமென்றே தள்ளிப்போட்டவர்களும் அதில் உண்டுதான், ஆனாலும் உங்கள் நண்பர்களில் பாதிப் பேர் சும்மா பீற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது என் சந்தேகம்.

பயந்த உடம்பில் விறைப்பு நிற்காது. விறைப்புக்கு ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிய வேண்டும், பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அவற்றைச் சுருக்கிவிடும், அவ்வளவுதான் விஷயம். ராத்திரி பதினோரு மணி வரை போனில் சாவுக் கணக்குப் பார்த்துவிட்டு (நானும் பார்த்தேன்), வேலை நிலைக்குமா என்று யோசித்துக்கொண்டே படுக்கிறவனிடம் உடம்பு வேறெப்படி நடந்துகொள்ளும்? ஒருமுறை தவறினால் அடுத்த முறை 'இன்றைக்காவது வருமா' என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பது. ஆசைக்குக் கொஞ்சம் தூரம் வேண்டும்.

கோவிட்டுக்கும் இதில் பங்கிருக்கலாம். அது நுரையீரலோடு நிற்காமல் ரத்தக்குழாய்களின் உட்சுவரையும் தாக்கக்கூடியது, தவிர நோய்க்குப் பின் வரும் அசதியே ஆளைச் சாய்த்துவிடும். தடுப்பூசி மேல் பழி போட எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆண்மை போய்விடும் என்ற பயம் இருந்ததால் போடுவதற்கு முன்னும் பின்னும் விந்தணுவைக்கூட எண்ணிப் பார்த்தார்கள், குறையவில்லை. குறைப்பது காய்ச்சல்தான், அதுவும் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். வயசு? 39 எல்லாம் ஒரு வயசா!

காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் சிக்கல் பெரும்பாலும் மனதில்தான். அதுவும் இல்லை, மூன்று மாதத்துக்கு மேல் இதே கதை என்றால் டாக்டரிடம் போய் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை, அதனால் அடைப்பு சில சமயம் இங்கே முதலில் தெரியும், இதயத்தில் பிறகுதான். தயவுசெய்து ஆன்லைனில் விறைப்புக்கான மாத்திரை வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒதுங்கியிருப்பதற்கு அவர் ஒரு காரணம் யோசித்து வைத்திருப்பார், அநேகமாகத் தன்னைப் பிடிக்கவில்லை என்று. படுக்கையில் வைத்து இதைப் பேசாதீர்கள், சேர்ந்து நடக்கும்போது பேசுங்கள், முகம் பார்க்க வேண்டியிருக்காது. எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது, 'பிடிக்காமல் போகவில்லை, உடம்புதான் கேட்கவில்லை' என்று. அதை அப்படியே சொல்லுங்கள், அதைவிட நன்றாக எனக்கு எழுதித் தரத் தெரியாது.