ஓவியர் வாழ்க்கை, வரலாறு, கௌபாய் காதல்: கலந்து படிக்க என்ன புத்தகங்கள்?

ஒரே மாதிரிப் புத்தகங்களைப் படித்துச் சலித்துவிட்டது, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறு, உலக வரலாறு, மேற்கத்தியக் காதல் கதை என்று கலந்து படிக்க எதைப் பரிந்துரைப்பீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பத்துப் புத்தகம், ஆளுக்கு இரண்டு வரி என்று பட்டியல் போட எனக்கு வராது. மனத்தில் ஒட்டிக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

நான் 28 வருடம் கீழமை நீதிமன்றங்களில் தட்டச்சராக இருந்தவன். சாட்சி கூண்டில் நின்று சொல்வதை நீதிபதி ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்து சொல்லச் சொல்ல, நான் அடிப்பேன். முதல் விசாரணையில் எல்லாச் சாட்சியும் அரிச்சந்திரன்தான். குறுக்கு விசாரணை தொடங்கிப் பத்து நிமிடத்தில் அதே ஆள் வேறு ஆளாகிவிடுவார். ஓய்வுபெற்ற பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. ஒரு விஷயத்தைப் பற்றி ஒரு புத்தகம் படித்தால், எதிர்த்தரப்பையும் கேட்காமல் எழுந்திருக்க முடிவதில்லை. அதனால் முடிந்த இடத்தில் ஜோடி ஜோடியாகவே சொல்கிறேன்.

கலைஞர்களை ஜார்ஜியோ வசாரியிடமிருந்து தொடங்குங்கள். இவரே ஓவியர், கட்டடக் கலைஞர். இத்தாலிய ஓவியர்கள், சிற்பிகள், கட்டடக் கலைஞர்களின் வாழ்க்கைகளை 1550இல் ஒருமுறையும், பெருக்கி எழுதி 1568இல் மறுமுறையும் வெளியிட்டார். ‘லைவ்ஸ் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்ற பெயரில் தேர்ந்தெடுத்த பகுதிகள் ஒரே தொகுதியாக ஆங்கிலத்தில் கிடைக்கின்றன, அது போதும். லியோனார்டோவையும் மைக்கலாஞ்சலோவையும் எல்லோரும் படிப்பார்கள். நீங்கள் பியரோ டி கோசிமோவிடம் போங்கள். பசை காய்ச்சும் நெருப்பு வீணாகக் கூடாதென்று அதே அடுப்பில் ஐம்பது முட்டைகளை ஒரேயடியாக வேகவைத்து, கூடையில் போட்டு வைத்துக்கொண்டு, பசிக்கிறபோது ஒவ்வொன்றாகத் தின்று காலம் தள்ளினாராம் மனிதர். பாவ்லோ உச்செல்லோ என்று இன்னொருவர். தூரத்தில் இருப்பதை எந்தக் கணக்கில் சிறிதாக்கி வரைய வேண்டும் என்பதிலேயே இரவெல்லாம் மூழ்கிக் கிடப்பார். படுக்க வாருங்கள் என்று மனைவி கூப்பிட்டால், இந்தக் கணக்கு எவ்வளவு இனிமையானது தெரியுமா என்பாராம். அந்த அம்மாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று வசாரி எழுதவில்லை.

வசாரி பெரிய கதைசொல்லி. ஆனால் நம்பகமான சாட்சி இல்லை. ஆண்ட்ரியா டெல் கஸ்டாக்னோ என்ற ஓவியர் பொறாமையால் தன் நண்பர் டொமினிகோ வெனிசியானோவைக் கொன்றார் என்று எழுதிவைத்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கஸ்டாக்னோவுக்குக் கொலைகாரர் என்றே பெயர். பிறகு இறப்புப் பதிவுகளைப் பார்த்தால், கொன்றவராகச் சொல்லப்பட்டவர் 1457இல் பிளேக் நோயில் போய்விட்டார். கொலையானவரோ 1461 வரை உயிரோடு இருந்திருக்கிறார். எங்கள் கோர்ட்டில் இப்படி ஒரு வழக்கு வந்திருந்தால் அரசு வழக்கறிஞர் அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கே வந்திருக்க மாட்டார்.

அடுத்த ஜோடி ஓவியர் வின்சென்ட் வான்கோ. இர்விங் ஸ்டோன் 1934இல் எழுதிய ‘லஸ்ட் ஃபார் லைஃப்’ நாவலை ஒரு மழைக்கால வாரத்தில் முடித்துவிடலாம். சுரங்கத் தொழிலாளிகள் நடுவே வின்சென்ட் பிரசங்கியாக இருந்த பகுதி நெஞ்சைப் பிடிக்கும். ஆனால் அது நாவல். ஆர்ல் ஊரில் அவரைத் தேடி ஒரு பெண் வருகிற அத்தியாயம் தன் கற்பனைதான் என்று ஆசிரியரே பின்குறிப்பில் ஒத்துக்கொண்டிருக்கிறார். அதை மூடிவைத்த கையோடு வின்சென்ட்டின் கடிதங்களை எடுங்கள். தம்பி தியோவுக்கு அவர் எழுதியவை மட்டும் 600க்கு மேல் பிழைத்திருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகம் எல்லாவற்றையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

கடிதங்களில் பைத்தியக்கார மேதை யாரும் இல்லை. பாதிக் கடிதங்களில் பணம், வண்ணக் குழாய், கித்தான், தபால் பற்றிய பேச்சு. உருளைக்கிழங்கு உண்பவர்களை 1885இல் வரைந்தபோது, தட்டில் நீட்டுகிற அதே கைகள்தான் மண்ணைத் தோண்டின என்பது படத்தில் தெரிய வேண்டும் என்று தம்பிக்கு விளக்குகிறார். தன் படுக்கையறையை வரைந்ததைச் சொல்லும் 1888ஆம் வருடக் கடிதத்தில் சுவர் வெளிர் ஊதா, கட்டிலும் நாற்காலிகளும் புது வெண்ணெய் மஞ்சள், போர்வை சிவப்பு என்று கணக்குப்பிள்ளை போல அறையையே எழுதிக் காட்டுகிறார். வின்சென்ட் 1890 ஜூலையில் இறந்தார். ஆறே மாதத்தில் தம்பியும் போனார். கைக்குழந்தையோடு 28 வயதில் நின்ற தம்பி மனைவி யோஹானாதான் படங்களையும் காப்பாற்றி, கடிதங்களையும் அடுக்கி 1914இல் வெளியிட்டார். அந்த அம்மாவை நான் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு படி மேலே வைப்பேன்.

நம் ஊரில் கலைஞர் வரலாறு வேண்டுமென்றால் உ.வே. சாமிநாதையரைத் தாண்டிப் போக வேண்டாம். ‘என் சரித்திர’த்தைத் தமிழ்ப் பரீட்சைக்கு உரியதாக ஒதுக்கி வைத்திருப்பவர்கள் உண்டு; பாவம். கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகாவைத்தியநாதையர் என்று சங்கீதக்காரர்களைப் பற்றித் தனித்தனியாகவும் எழுதியிருக்கிறார். மாயூரத்தில் பாரதியாரிடம் அவர் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போனதும், அது ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குத் தெரிந்து, இலக்கியக் கவனம் குறையும் என்று அவர் குறிப்பாகச் சொன்னதும், பாட்டு நின்றுபோனதும் சில பக்கங்களில் வரும். ஆசிரியர் மேல் வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. படிக்கிற நமக்குத்தான் வருத்தமாக இருக்கும்.

வரலாற்றுக்கு வருகிறேன். ராஜாக்கள், படையெடுப்புகள் வேண்டுமென்றால் பார்பரா டக்மனின் ‘தி கன்ஸ் ஆஃப் ஆகஸ்ட்’. முதல் உலகப் போரின் முதல் மாதம்தான் புத்தகம் முழுவதும். ஒன்பது மன்னர்கள் குதிரையேறி வரும் 1910ஆம் வருடத்துச் சவ ஊர்வலத்தில் தொடங்கும். படைப்பிரிவுகளின் பெயர்கள் கொஞ்சம் களைப்பூட்டும். பக்கத்தில் ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனத்துக்கு நெருக்கமானது வேறு. கார்லோ கின்ஸ்பர்க் 1976இல் இத்தாலிய மொழியில் எழுதிய ‘தி சீஸ் அண்ட் தி வார்ம்ஸ்’. வட இத்தாலியில் மெனோக்கியோ என்று ஒரு மாவு மில்லுக்காரர். எழுதப் படிக்கத் தெரிந்தவர், பத்துப் பன்னிரண்டு புத்தகம் படித்தவர், வாயை மூடத் தெரியாதவர். ஆதியில் மண்ணும் நீரும் காற்றும் நெருப்பும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன, பாலிலிருந்து சீஸ் திரள்வதுபோல அதிலிருந்து உலகம் திரண்டது, சீஸில் புழு வருவதுபோல தேவதூதர்கள் தோன்றினார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மத விசாரணை மன்றம் 1584இல் கூப்பிட்டது. கொஞ்சம் பயந்தவராக, பணிந்தவராக நடித்துவிட்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார். இவரோ, கேட்பதற்கு இத்தனை படித்தவர்கள் கிடைத்தார்களே என்று உற்சாகமாகிப் பிரசங்கமே செய்துவிட்டார். இரண்டு வருடம் போலச் சிறை. வெளியே வந்தும் வாய் நிற்கவில்லை. 1599இல் இரண்டாம் விசாரணை. இந்த முறை உயிர் போயிற்று.

இந்த மனிதரின் குரல் நமக்குக் கிடைத்ததே, விசாரணையில் உட்கார்ந்திருந்த எழுத்தர் அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியதால்தான். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வயிறு பற்றி எரிந்தது என்று ஒரு கிழவி சொன்னதை, மன உளைச்சலுக்கு ஆளானேன் என்று எத்தனை முறை அடித்திருப்பேன்! நீதிபதி சொன்னதைத்தான் அடித்தேன், என் மேல் தவறில்லை. இருந்தாலும் நானூறு வருடம் கழித்து யாராவது அந்தக் கட்டை அவிழ்த்தால், அத்தனை கிழவிகளும் ஒரே மாதிரி மன உளைச்சலுக்கு ஆளாகியிருப்பார்கள்.

இதோடு ஜோடி சேர்க்க நடாலி ஸீமன் டேவிஸ் எழுதிய ‘தி ரிட்டர்ன் ஆஃப் மார்ட்டின் கேர்’ இருக்கிறது. மிகச் சிறிய புத்தகம். பிரான்சில் ஆர்ட்டிகா என்ற கிராமத்திலிருந்து ஒருவன் ஓடிப்போகிறான். எட்டு வருடம் கழித்து 1556இல் திரும்பி வருகிறான். மனைவி ஏற்றுக்கொள்கிறாள், ஊர் ஏற்றுக்கொள்கிறது. பிறகு சொத்துத் தகராறு முற்றி, இவன் அவனே இல்லை என்று வழக்கு. துலூஸ் நீதிமன்றம் ஏறக்குறைய விடுதலை செய்யும் கட்டத்தில், மரக்கால் கட்டிய ஒருவன் கோர்ட்டுக்குள் நடந்து வருகிறான். அவன்தான் நிஜ மார்ட்டின். மனைவிக்கு முதலிலேயே தெரியுமா தெரியாதா என்பதில் வரலாற்று ஆசிரியர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். தெரியும், தெரிந்தேதான் வாழ்ந்தாள் என்கிறார் டேவிஸ். என் கட்சியும் அதுதான்.

காதலுக்கு வருகிறேன். மேற்கத்தியக் காதல் கதை என்று நீங்கள் ஐரோப்பியக் காதலைச் சொல்கிறீர்களா, கௌபாய் தேசத்துக் காதலையா என்று தெளிவாக இல்லை. முன்னது என்றால் ஜேன் ஆஸ்டின் எழுதிய ‘பெர்சுவேஷன்’ ஒன்று போதும். பிறர் பேச்சைக் கேட்டு 19 வயதில் மறுத்த காதலனை 27 வயதில் மறுபடி சந்திக்கிறாள் ஆன். பெண்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறதே என்று ஒருவர் வாதாட, பேனா ஆண்கள் கையில் அல்லவா இருந்தது, புத்தகத்தைச் சாட்சியாக ஏற்க மாட்டேன் என்கிறாள் அவள். இப்படி ஒரு ஆட்சேபணையை 28 வருடத்தில் நான் கேட்டதில்லை.

கௌபாய் என்றால் எனக்கு இன்னும் குஷி. சிவகாசியிலிருந்து வந்த லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரோடு குதிரையேறி வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆனால் டெக்ஸுக்குக் காதலிக்க ஏது நேரம்? அந்தக் குறையைத் தீர்க்க ஓவன் விஸ்டர் 1902இல் எழுதிய ‘தி வெர்ஜீனியன்’ இருக்கிறது. கதாநாயகனுக்குப் பெயரே கிடையாது. வயோமிங் மாநிலத்துக் கௌபாய். கிழக்கிலிருந்து பள்ளிக்கூடம் நடத்த வந்த மாலி என்ற பெண்ணிடம் மனத்தைக் கொடுக்கிறான். அவள் அவனுக்குப் புத்தகங்களைக் கொடுக்கிறாள். ரோமியோ ஓர் ஆம்பிளையே இல்லை, அவன் நண்பன் மெர்குஷியோவுக்கு ஜூலியட் கிடைத்திருந்தால் இத்தனை வம்பே வந்திருக்காது என்று அவன் கருத்துச் சொல்கிறான். ஷேக்ஸ்பியர் பற்றி நான் படித்த விமர்சனங்களில் இது சுருக்கமானது.

இதற்கும் குறுக்கு விசாரணை உண்டு. இந்தக் கதையில் மாடு திருடியவர்களை விசாரணையின்றித் தூக்கில் போடுவது நியாயமாகவே காட்டப்படுகிறது. விஸ்டர் பெரிய பண்ணைக்காரர்களுக்குச் சிநேகிதர். 1892இல் வயோமிங்கில் அதே பண்ணைக்காரர்கள் டெக்ஸாஸிலிருந்து துப்பாக்கிக்காரர்களைக் கூலிக்குக் கொண்டுவந்து, திருடர்கள் என்று தாங்கள் குறித்துவைத்தவர்களைத் தீர்த்துக்கட்டப் புறப்பட்டார்கள். ஜான்சன் கவுன்டி போர் என்று பெயர். கடைசியில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. இதைத் தெரிந்துகொண்டு படித்தால், கதையில் காதல் அப்படியே இனிக்கும், தூக்குக்கயிறு மட்டும் உறுத்தும்.

அடுத்தது லாரி மெக்மர்ட்ரியின் ‘லோன்சம் டவ்’, 1985. புலிட்சர் பரிசு வாங்கியது. 800 பக்கத்துக்கு மேல், பயப்படாதீர்கள். ஓய்வுபெற்ற காவற்படைக்காரர்கள் இருவர் டெக்ஸாஸிலிருந்து மொன்டானா வரை மாட்டு மந்தை ஓட்டிப் போகிறார்கள். முதல் பக்கத்தில் இரண்டு பன்றிகள் ஒரு பாம்பைத் தின்றுகொண்டிருக்கும். கஸ் என்கிற ஆள் தங்கள் கடைக்குத் தானே ஒரு பெயர்ப்பலகை எழுதியிருக்கிறார். அதில் பன்றி வாடகைக்கு விடப்படமாட்டாது என்று ஒரு வரி. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அந்த மந்தைப் பயணத்தின் வழியில், கஸ் இளமையில் விரும்பிய கிளாரா நெப்ராஸ்காவில் குடியும் குழந்தையுமாக இருக்கிறாள். அந்தச் சந்திப்புக்காக 500 பக்கம் காத்திருக்கலாம். மெக்மர்ட்ரி எழுத்தாளர் மட்டுமல்ல, டெக்ஸாஸில் ஆர்ச்சர் சிட்டி என்ற சின்ன ஊரையே பழைய புத்தகங்களால் நிரப்பிய கடைக்காரர். அதற்காகவும் எனக்குப் பிடிக்கும்.

கடைசியாக, ஸேன் கிரே எழுதிய ‘ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்’, 1912. இவர் நியூயார்க்கில் பல் வைத்தியராக இருந்தவர். வர்ணனை கொஞ்சம் அதிகம்தான். யூட்டா மாநிலத்துப் பண்ணைக்காரி ஜேன், துப்பாக்கிக்காரன் லாசிட்டர். துரத்திக்கொண்டு வருபவர்களுக்குத் தப்பி இருவரும் ஒரு மலைப் பள்ளத்தாக்கின் வாயிலில் ஏறி நிற்கிறார்கள். மேலே, தள்ளினால் உருளும்படி ஒரு பாறை. உருட்டினால் எதிரிகள் ஒழிவார்கள். ஆனால் வழியும் அடைபட்டு, இவர்கள் வாழ்நாள் முழுவதும் உள்ளேதான். திருவல்லிக்கேணி நடைபாதையில் பத்து ரூபாய்க்கு வாங்கிய என் பிரதியில் அந்த இடத்தோடு தாள் கிழிந்திருந்தது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். பத்து ரூபாய்க்கு முடிவும் வேண்டுமா என்று கேட்டார்.

பத்தொன்பது வருடம் அந்த வழக்கு வாய்தாவிலேயே கிடந்தது. போன வருடம் மகள் குட்டன்பர்க் தளத்திலிருந்து புத்தகத்தை இலவசமாக இறக்கி என் கைபேசியில் போட்டுக் கொடுத்தாள். எனக்குக் குறைந்திருந்தது ஒரே ஒரு தாள்.