களவுபோன அண்டா கோர்ட்டில் இருக்கிறது. அரசு வக்கீலுக்கு ‘ஃபீஸ்’ உண்டா?

கேள்வி: பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். 2024 அக்டோபரில் ராத்திரி பின்கட்டுக் கதவை உடைத்து, சாமான் அறையிலிருந்த பித்தளை அண்டா, தவலை, குத்துவிளக்கு, வெள்ளிச் சாமான் எல்லாவற்றையும் களவாண்டு போய்விட்டார்கள். போலீஸ் ஆளைப் பிடித்து, ஒரு பழம்பொருள் கடையிலிருந்து பாதியை மீட்டது. இப்போது காரைக்குடி குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலிருந்து சாட்சி சொல்ல எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. கோர்ட்டில் எல்லாரையும் தெரியும் என்று ஒருவர் அறிமுகமானார். அரசு வக்கீலுக்கு 25,000 ரூபாய் ஃபீஸ் கட்டினால்தான் கேஸை ஒழுங்காக நடத்துவார், சாமானும் திரும்பி வரும், இல்லாவிட்டால் கேஸையே வாபஸ் வாங்கிவிடுவார் என்கிறார். நான் தனியாக வக்கீல் வைக்க வேண்டுமா? எனக்கு வயது 68. கோர்ட் வாசல் மிதித்ததில்லை.

பதில்:

ஆச்சி, அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடுவர் நீதிமன்றத்தில் உங்கள் வழக்கை நடத்துபவர் அரசு உதவி வழக்கு நடத்துநர். கோர்ட்டில் எல்லாரும் ஏபிபி என்பார்கள். டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதி, குற்ற வழக்குத் தொடர்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, மாதச் சம்பளம் வாங்குகிறவர். தாசில்தாருக்கு நீங்கள் எப்படி ஃபீஸ் கட்டுவதில்லையோ அப்படித்தான் இவருக்கும். சிவகங்கை மாவட்ட நீதிமன்றத்தில் கொலை வழக்கு நடத்துகிற பிபி, அதாவது பப்ளிக் பிராசிக்யூட்டர், வேறு ரகம். வக்கீல்களிலிருந்து அரசாங்கம் நியமிக்கும். ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறுவார். அவருக்கும் பாதிக்கப்பட்டவர் பணம் கட்ட வேண்டியதில்லை. உங்கள் வழக்கு அங்கே போகவும் போவதில்லை.

வாபஸ் மிரட்டலும் பழைய பல்லவிதான். அரசுத் தரப்பு வழக்கைத் திரும்பப் பெற நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் சொல்வதைக் கேட்காமல் அந்தச் சம்மதத்தைக் கொடுக்கக் கூடாது என்று புதிதாகச் சேர்த்திருக்கிறது. உங்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் உங்கள் கேஸ் காணாமல் போகாது. இரவில் பூட்டை உடைத்துப் புகுந்து திருடிய குற்றம் சமரசம் பேசி முடிக்கும் பட்டியலிலும் இல்லை. ‘எதிர்த்தரப்போடு பேசி முடித்துத் தருகிறேன்’ என்று அதே ஆள் அடுத்த மாதம் வந்து நிற்பார், பாருங்கள். அப்போதும் இதே பதில்தான்.

இந்த ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அரசுத் தரப்பில் வழக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என் பெயரைச் சொல்லி வெளியே காசு வாங்கியது எனக்கே பிற்பாடு தெரிந்ததுண்டு. இவர்களுக்குக் கோர்ட்டில் ஒரு பதவியும் கிடையாது. காலையில் டீக்கடையில் நிற்பார்கள். அன்றைக்கு எந்த வழக்கு என்பதை வெளியே ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். வெளியூர்க்காரர், வயதானவர், பெரிய வீடு என்றால் மோப்பம் பிடித்துவிடுவார்கள். ஏபிபியை உங்கள் கண்ணில் தூரத்திலிருந்து காட்டி, அவரிடம் போய் ஏதோ பேசுவது மாதிரிப் பேசி, திரும்பி வந்து ‘சொல்லிட்டேன்’ என்பார்கள். பேசியது என்னவோ ‘ஐயா, இன்னைக்கு ஜட்ஜ் லீவா?’ என்றுதான் இருக்கும். சாமான் சட்டப்படி உங்கள் கைக்கு வரவேண்டிய நாளில் வந்து சேரும். அதற்கு அவர் ரூபாய் வாங்கிக்கொள்வார்.

ஜாமீன்தாரர் ஏற்பாடு செய்கிறேன், முத்திரைத்தாள் வாங்கித் தருகிறேன், கோர்ட் கான்ஸ்டபிளைக் கவனிக்க வேண்டும் என்று வரிசையாகச் செலவு சொன்னால், ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள். ஆள் நகர்ந்துவிடுவார். வெற்றுத் தாளில் மட்டும் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, நடுவில் ஆள் வேண்டாமென்றால் ஏபிபியைப் பார்ப்பது எப்படி? நேரே போய்ப் பார்க்கலாம். நீங்கள் அவருடைய முதல் சாட்சி. உங்களோடு பேசுவது அவர் வேலை. சம்மன் நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஊருக்கு வந்துவிடுங்கள். மறுநாள் கோர்ட் கூடுவதற்கு முன், பத்து மணிக்கெல்லாம் போய், வழக்கு எண்ணைச் சொல்லி, ‘நான்தான் புகார் கொடுத்தவர்’ என்று சொல்லுங்கள். அவர் எரிச்சலாகப் பேசினால் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். பல இடங்களில் ஒரே ஏபிபி இரண்டு கோர்ட்டைப் பார்க்கிறார். உட்கார ஒழுங்கான அறை இருக்காது, உதவிக்கு ஆள் இருக்காது, கேஸ் கட்டு அன்று காலையில்தான் போலீஸ்காரர் கையில் வந்து சேரும். வழக்கு நடத்துபவர் போலீஸின் பிடியில் இருக்கக் கூடாது, தனித் துறையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொன்னது. துறையைத் தனியாக்கினார்கள். மேஜை, நாற்காலி, ஆள் எல்லாம் தனியாகக் கொடுத்தார்களா என்பதை நீங்களே போய்ப் பாருங்கள்.

தனி வக்கீல் வைக்கலாமா என்றால், சாட்சி சொல்வதற்குத் தேவையில்லை. வைத்தாலும் அவர் நீதிமன்ற அனுமதியோடு அரசுத் தரப்புக்கு உதவத்தான் முடியும். நடுவர் தனியாக அனுமதி கொடுத்தாலொழிய, சாட்சிகளை அவர் விசாரிக்கவோ, எழுந்து வாதாடவோ முடியாது. விசாரணை முடிந்தபின் எழுத்தில் வாதம் கொடுக்கலாம், அவ்வளவே. உச்ச நீதிமன்றமே 2019-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெரிய ஃபீஸ் கேட்கும் வக்கீல் இதை முதல் நாளில் உங்களிடம் சொல்ல மாட்டார்.

சாமானைத் திரும்ப வாங்குவதற்கு ஒரு வக்கீல் கைகொடுப்பார். அது தனி மனு, கோர்ட்டில் ‘ரிட்டர்ன் ஆஃப் பிராப்பர்ட்டி’ மனு என்றால் எல்லாருக்கும் புரியும். வழக்கு முடியும்வரை சாமான் கோர்ட்டிலேயே கிடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கைப்பற்றிய பொருளை ஸ்டேஷனில் போட்டு வைக்காதீர்கள், 15 நாள், மிஞ்சினால் ஒரு மாதத்தில் உரியவரிடம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சொன்னது. புதிய சட்டத்தின் 497-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் பட்டியல் எழுதி, போட்டோவோ வீடியோவோ எடுக்க வேண்டும். அதிலிருந்து 30 நாளில் யாரிடம் கொடுப்பது என்று உத்தரவு போட வேண்டும். பிற்பாடு விசாரணையில் அந்தப் போட்டோவே சாட்சியமாகும். தாளில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பில் நீங்கள் மனுப் போடாமல் ஒரு தம்ளர்கூட அசையாது. கோர்ட் சாமான் அறையில் பச்சை பூத்துக் கிடக்கிற பித்தளையைப் பார்த்தால் வயிறு எரியும்.

அந்த மனுவை எழுதவும் காசு கொடுக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண் என்றாலே இலவச சட்ட உதவிக்குத் தகுதி. வருமானம் கேட்க மாட்டார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். இல்லையேல் சிவகங்கையில் மாவட்ட ஆணைக்குழு. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் கேட்கலாம். ‘இவ்வளவு பெரிய வீட்டு ஆச்சிக்கு இலவச வக்கீலா’ என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பள்ளிக்கூடத்திலும் கிராமத்திலும் சட்ட விழிப்புணர்வு முகாம் என்று இவர்கள்தான் நடத்துகிறார்கள். சில நேரம் ஏபிபியும் வந்து பேசுவார். பந்தல், பேனர், குத்துவிளக்கு எல்லாம் இருக்கும். சம்மன் வந்தால் யாரைப் போய்ப் பார்ப்பது என்ற ஒரு விஷயத்தை மட்டும் அங்கே யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லியிருந்தால் அந்த டீக்கடை ஆளுக்குப் பிழைப்பு ஏது?

இனி, உங்கள் வீடு மாதிரி வளவு வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல். வீடு யார் பெயரில் இருக்கிறது? அநேகமாக நாலைந்து பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கும். சாமான் அறையில் உங்கள் மாமியார் கொண்டுவந்த சீரும் இருக்கும், பொதுவில் வாங்கிய சாமானும் இருக்கும், ஒரு பங்காளி பூட்டி வைத்துவிட்டு மலேசியாவுக்குப் போன பெட்டியும் இருக்கும். களவு நடந்தது வீட்டில் உங்கள் பகுதியில் என்று புகார் கொடுத்தது நீங்கள். ஆனால் மீட்டதில் எது யாருடையது? சட்டப்படி, விசாரணை நடக்கும்போது நீதிமன்றம் சாமானைப் பத்திரமாக வைத்திருக்கத்தான் கொடுக்கிறது, சொந்தம் யாருக்கு என்று தீர்ப்புச் சொல்வதில்லை. அதனால் புகார்தாரராகிய நீங்கள் கேட்கலாம். ஆனால் ஒரு பங்காளி எழுந்து ‘அந்த அண்டா எங்கள் அப்பத்தாவுடையது’ என்று சொல்லிவிட்டால், நடுவர் உடனே கையை எடுத்துவிடுவார். ஆறு மாதம் ஓடிவிடும். களவாண்டவரின் வக்கீலுக்கோ அது தேன். ‘சாமான் யாருடையது என்று இவர்களுக்கே தெரியவில்லை’ என்று குறுக்கு விசாரணையில் கேட்பார். ஆகவே மனுப் போடும் முன்பே பங்காளிகள் எல்லாரிடமும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அங்கிருந்தே எழுதி அனுப்பட்டும். இறந்துபோன பங்காளிக்கு அவர் பிள்ளைகள் போட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி இருந்தால், அவர் பாகத்துச் சாமானை உங்கள் பட்டியலிலிருந்து விட்டுவிடுங்கள். அவர் தனியாக மனுப் போட்டுக்கொள்ளட்டும். பொதுச் சாமானுக்கு எல்லாரும் சேர்ந்து ஒரே மனு, பொறுப்பேற்பது ஒருவர். கடைக்காரர் ‘நான் காசு கொடுத்து வாங்கினேன், என்னிடமே கொடுங்கள்’ என்று கேட்பதும் உண்டு. அப்போது நீங்கள் பங்காளிகளோடு ஒன்றாக நிற்பதுதான் உங்கள் பலம்.

அப்புறம், அடையாளம். இந்த வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. களவாண்டவர் போலீஸிடம் ஒப்புக்கொண்டதைச் சாட்சியமாக எடுக்க மாட்டார்கள். அவர் சொல்லி எந்தப் பொருள் கிடைத்ததோ அந்த அளவுக்குத்தான் செல்லும். மீட்டதைப் பார்த்து, போலீஸ் எழுதும் கைப்பற்றல் பத்திரமான மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சிகள் பல வழக்கில் பிறழ்ந்து, மாற்றிச் சொல்லிவிடுவார்கள். மிச்சம் இருப்பது நீங்கள்தான். மகஜரில் போலீஸ் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? ‘பழைய பித்தளைப் பாத்திரங்கள் 11.’ அவ்வளவுதான். அப்படி 11 பாத்திரம் காரைக்குடியில் எந்தக் கடையிலும் கிடைக்கும். நம்முடைய நல்ல காலம், செட்டிநாட்டுப் பாத்திரத்தில் வீட்டு விலாசத்தின் எழுத்துகளை, அதாவது குடும்பத்துப் பெயர்களின் முதலெழுத்துகளை, வெட்டி வைத்திருப்பார்கள். அண்டாவின் கழுத்து விளிம்புக்குக் கீழே, தவலையின் தோளில், விளக்கென்றால் அடித்தட்டின் ஓரத்தில் பாருங்கள். அதே எழுத்து இருக்கும் வேறு பாத்திரம் ஒன்று வீட்டில் மிச்சம் இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சீர் சாமான் எழுதிய பழைய சிட்டை இருந்தால் அதையும், அந்த விளக்கு பின்னால் தெரிகிற கல்யாணப் போட்டோ இருந்தால் அதையும் முன்கூட்டியே ஏபிபியிடம் காட்டுங்கள். தாக்கல் செய்வதா, எப்படிச் செய்வது என்பதை அவர் முடிவு செய்வார்.

கூண்டில் ஏறியபின் எல்லாம் என்னுடையது என்று சொல்லாதீர்கள். எழுத்து இருப்பதை எழுத்தைக் காட்டி, நசுங்கல் இருப்பதை நசுங்கலைக் காட்டிச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மதிப்பைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். யாராவது எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னால் பண்ணாதீர்கள். இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். வீடியோ வழியாகச் சாட்சி சொல்லப் புதிய சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அண்டாவைத் திருப்பிப் பார்த்து எழுத்தைக் காட்ட வேண்டிய வழக்கில் நேரில் வருவதுதான் நல்லது. சாட்சிக்குப் பயணப் பேட்டா உண்டு, கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் கொடுப்பார்கள். அன்றைக்கே விசாரிப்பார்கள் என்று நம்பி மாலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். வாய்தா போட்டால், 68 வயது, சென்னையிலிருந்து வந்திருக்கிறேன் என்று நீதிபதியிடம் நேராகவே சொல்லலாம். அதில் தவறில்லை.

சாமான் கைக்கு வந்தபின் ஒரே ஒரு எச்சரிக்கை. பாண்டு எழுதிக் கொடுத்திருப்பீர்கள்: விற்க மாட்டேன், உருமாற்ற மாட்டேன், கேட்டபோது கொண்டுவருவேன் என்று. பச்சை பிடித்திருக்கிறதே என்று பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். அந்த எழுத்து தேய்ந்துவிட்டால் வழக்கும் தேய்ந்துவிடும். பேத்தி கல்யாணச் சீரிலும் வைத்து அனுப்பிவிடாதீர்கள். புளி போட்டு லேசாக விளக்கினால் போதும்.

மீட்காத பாதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விடாதீர்கள். என்னென்ன இன்னும் வரவில்லை என்று அடையாளத்தோடு ஒரு பட்டியல் எழுதி, ஸ்டேஷனில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். குற்றப்பத்திரிகை போட்டபின்னும் மேல்விசாரணை செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த நகலில் ஒன்றைச் சம்மன் நாளன்று ஏபிபியிடமும் கொடுத்துவிடுங்கள்.