எல்.டி.ஹெச். கூடினால் நோய் பரவிவிட்டதா?

கேள்வி: என் அக்காள் மகனுக்கு 12 வயது. தொடை எலும்பில் எவிங் சார்கோமா என்ற புற்றுநோய் என்று சேலத்தில் கண்டறிந்திருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘எல்.டி.ஹெச்.’ என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில், மிக அதிகமாக வந்திருக்கிறது. அது புற்றுநோயைப் பரப்பும் என்சைமாமே? சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் அது அடங்கும் என்று உறவினர்கள் சொன்னதால், பையனுக்கு மாம்பழம்கூடக் கொடுப்பதில்லை. இது சரியா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: அந்த ஓர் எண்ணை வைத்து நோய் பரவிவிட்டதென்று முடிவுகட்ட முடியாது. எல்.டி.ஹெச். எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் இந்த நொதி (என்சைம்) எல்லாருடைய உடலிலும் இருப்பதுதான். சர்க்கரை சிதைந்து உண்டாகும் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றுவது அதன் வேலை. ஓடிக் களைத்த தசையில் ஆக்சிஜன் போதாதபோது மும்முரமாக நடக்கும் இவ்வேலையைப் புற்றுச் செல்கள் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போதும் செய்கின்றன என்பதை, ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டறிந்தார். எவிங் சார்கோமாவில், இரு மரபணுக்கள் முறிந்து ஒட்டிக்கொள்வதால் பிறக்கும் பிறழ்ந்த புரதமே இந்த நொதியின் உற்பத்தியைத் தூண்டுவதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இப்படி லாக்டேட்டோடு சேர்த்துப் புற்றுச் செல்கள் வெளியேற்றும் அமிலம் கட்டியைச் சுற்றியுள்ள திசுக்களின் பிணைப்பைத் தளர்த்தி, நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களையும் சோர்வடையச் செய்வதால், புற்றுச் செல்கள் நகர வழி ஏற்படுகிறது. பரவலில் நொதிக்குப் பங்குண்டு என்பது இந்த அளவில் உண்மை.

ஆனால் இரத்தத்தில் அளக்கப்படுவது, சிதைந்த செல்களிலிருந்து கசிந்த நொதி. கட்டி பெரிதாக இருந்தாலே அது கூடும். கல்லீரல் பாதிப்பிலும், கீமோ தொடங்கிப் புற்றுச் செல்கள் மடியும்போதும் கூடலாம். ஏற்காட்டில் எடுத்த இரத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிச் சேலம் வந்து சேருவதற்குள் சிவப்பணுக்கள் உடைந்திருந்தாலும் எண் ஏறிவிடும். எவிங் சார்கோமா உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, கண்டறியும்போதே நோய் பரவியிருக்கிறது என்பதால், நெஞ்சு சி.டி., பெட் ஸ்கேன், தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை ஆகியவற்றின் முடிவைத்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நொதியையே மருந்தால் முடக்கலாமே என்றால், சிவப்பணுக்களும் அதே வேதிவழியை நம்பி வாழ்வது பெரிய தடையாக இருக்கிறது. சர்க்கரையை நிறுத்துவதாலும் கட்டி பட்டினி கிடக்காது. கல்லீரல் புரதத்திலிருந்தாவது குளுக்கோஸைத் தயாரித்துவிடும். எடை குறைந்த பிள்ளைக்குக் கீமோவைத் தாங்குவது கடினம் என்பதால், இந்தப் பத்தியம் தீமையே செய்யும். நீரிழிவு போன்ற வேறு தடை இல்லையென்றால், மாம்பழத்தை நன்றாகக் கழுவி, தோல் சீவி, உடனே நறுக்கிக் கொடுங்கள். வெள்ளையணுக்கள் மிகக் குறைந்திருக்கும் நாட்களில் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.