ஹேட்ச்பேக் காருக்கு 12 இஞ்ச் சப்வூஃபர்: பெட்டி எந்த அளவில் இருக்க வேண்டும்?

சப்வூஃபர், அதாவது அடி ஸ்வரங்களுக்கான ஸ்பீக்கர், உள்ளே உட்கார்ந்தால் எந்தப் பெட்டியும் சரிதான் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரோடு வரும் தாளில் உள்ள மூன்று எண்கள்: எஃப்எஸ் (ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் அலைவெண்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதன் அளவு), வாஸ் (ஸ்பீக்கரின் தொங்கலுக்கு இணையான நெகிழ்வு உள்ள காற்றின் கொள்ளளவு). ஆஸ்திரேலியாவில் தீல், ஸ்மால் என்ற இரு பொறியாளர்கள் வகுத்த கணக்கு இது. தாள் இல்லாத ஸ்பீக்கரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் தொட மாட்டேன்.

எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, வாஸ் 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூடிய (சீல்டு) பெட்டியில் மொத்த க்யூ, அதாவது ஸ்பீக்கரும் பெட்டியும் சேர்ந்த அதிர்வுக் கட்டுப்பாட்டு அளவு, 0.707 வந்தால் பேஸ் கொழகொழக்காமல் சீராக இருக்கும். 0.707ஐ 0.45ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கழியுங்கள், 1.47 வரும். 50ஐ அதால் வகுத்தால் 34 லிட்டர். ஸ்பீக்கரின் காந்தம் அடைக்கும் இடத்துக்கு ஒரு 2 லிட்டர் சேர்த்தால் 36, அதாவது உள்ளே 40×30×30 செ.மீ. ஆசாரியிடம் இது உள் அளவு என்று அழுத்திச் சொல்லுங்கள். 18 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் இதையே வெளி அளவாக வைத்து அறுத்துவிட்டால் உள்ளே 25 லிட்டர்தான் மிஞ்சும்.

இந்தப் பெட்டியில் 44 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு (அலைவெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல் வீதம் சரியும். வீட்டு ஹாலில் அது குறைதான். கண்ணாடி ஏற்றிய காரில் கதையே வேறு. அலைநீளம் காரை விடப் பெரிதாகிவிட்டால் உள்ளே இருக்கும் காற்று மொத்தமாக அழுந்தி விரிகிறது. அதனால் அடி ஸ்வரங்களின் அழுத்தம் தானாகவே ஏறும். பெட்டியில் விட்டதைக் கார் ஈடுகட்டிவிடும். சின்னக் காருக்கு நான் சீல்டு பெட்டியையே சொல்வது இதனால்தான். காற்றுக் குழாய் வைத்த போர்ட்டட் பெட்டி அதே வாட்டுக்குக் கூடுதல் சத்தம் தரும், மறுப்பதற்கில்லை. ஆனால் குழாயை டியூன் செய்த அலைவெண்ணுக்குக் கீழே கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) பிடிமானம் இல்லாமல் ஆடும், மிகத் தாழ்ந்த அலைவெண்களை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இல்லாமல் முடியாது. அப்புறம் பெட்டியும் பெரிது. டிக்கியில் பை வைக்க இடம் தேட வேண்டியிருக்கும்.

மூட்டுகளுக்கு ஃபெவிகாலும் ஸ்குரூவும், உள்பக்கம் முழுக்க சிலிகானும் போடச் சொல்லுங்கள். ஸ்பீக்கரை மாட்டியதும் இரண்டு கையாலும் கோனை மெதுவாக அழுத்தி விடுங்கள். தயங்கித் தயங்கித் திரும்பினால் காற்று கசியவில்லை. சட்டென்று திரும்பினால் முதலில் ஒயர் டெர்மினல் பொருத்திய ஓட்டையைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கசியும்.