எபிஸ்கோப்பல் செமினரியில் பாடம் நடத்துகிறவர்கள் எல்லாரும் குருவானவர்கள்தானா?

இல்லை. (எபிஸ்கோப்பல் என்றால் இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த அமெரிக்க ஆங்கிலிக்கன் சபை. செமினரி என்றால் குருவானவராகப் போகிறவர்கள் படிக்கும் இறையியல் கல்லூரி.) குருவானவர்களும் நடத்துவார்கள், வாழ்நாளில் ஒரு நாள்கூட அங்கி போடாதவர்களும் நடத்துவார்கள். இப்போதென்றில்லை, முதல் செமினரி தொடங்கிய காலத்திலிருந்தே அப்படித்தான்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் கேள்விக்குக் கீழே "அங்கி இல்லாதவர் நடத்தினால் அது செல்லுமா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் என்னை எழுத உட்காரவைத்துவிட்டது. உங்கள் வீட்டில் யாருக்கோ அங்கே இடம் கிடைத்திருக்கிறது, பெரியவர் ஒருவர் முகத்தைச் சுளிக்கிறார் என்று நினைக்கிறேன். மகளாகத்தான் இருக்கும். மகன் என்றால் வீட்டில் கேக் வெட்டியிருப்பீர்கள், கேள்வி வந்திருக்காது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குருவானவர்களுக்கு விரோதி இல்லை. என் தாத்தா உபதேசியார் (குருவானவருக்கு உதவியாகச் சபையைக் கவனிப்பவர்), பெரியப்பா ஐயர். (திருநெல்வேலிப் பக்கம் சிஎஸ்ஐ சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் பழைய ஆட்கள் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) நான் 31 வருஷம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவள். அதில் 24 வருஷம் புதன்கிழமை சாயங்காலம் எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளைச் சேகரம் என்போம்) பெண்களுக்கு வேதபாட வகுப்பும் எடுத்தேன். சம்பளம் கிடையாது. வருஷக் கடைசியில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தருவார்கள். கொடுத்தது போக இன்னும் எட்டு வீட்டில் கிடக்கிறது.

ஒரு புதன்கிழமை ஆதியாகமம் தொடங்கினோம். புதிதாகக் கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், மொத அதிகாரத்துல மிருகங்களுக்குப் பொறவுதான மனுஷன் வாறான்? ரெண்டாவதுல மனுஷன உண்டாக்குனதுக்குப் பொறவுல்ல மிருகங்கள உருவாக்கி அவன்ட்ட கொண்டு வாறாரு?" எத்தனையோ வருஷமாக வாசிக்கிறோம், வேறு யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. "ஆமா, ரெண்டு வரலாறு, ரெண்டு வரிசை. இருக்கிறத இருக்கிறபடியே வாசிப்போம். எதுக்காக ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்காங்கன்னு யோசிப்போம்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது அப்போதிருந்த ஐயர், "டீச்சர், புதன்கிழமை இனிமே நானே எடுத்துக்கிறேன். உங்களுக்கும் வயசாகுது. சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்க, அதுல நீங்க கெட்டிக்காரி. வேதத்த வியாக்கியானம் பண்றதுக்குன்னு அபிஷேகம் வாங்கினவங்க இருக்கோம்லா" என்றார். அபிஷேகம் என்றால் குருப்பட்டம். கையை விடாமலே சொன்னார். எனக்குப் பின்னால் வரிசையில் முப்பது பேர். "சரிங்கய்யா" என்றேன். அவர் எடுத்தது மூன்று புதன்கிழமை. நாலாவது வாரம் திருமண்டலக் கூட்டம், ஐந்தாவது வாரம் யாருக்கோ கல்யாணம், அதற்கப்புறம் வகுப்பே கிடையாது.

அந்த வருஷக் கடைசியில் மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போனேன். கிழக்குக் கரையில் ஒரு ஊர். பக்கத்திலேயே எபிஸ்கோப்பல் சபையின் செமினரி ஒன்று. நம் சிஎஸ்ஐயோடு திருவிருந்து ஐக்கியம் உள்ள சபைதான் அது, அதாவது ஒரு சபையின் திருவிருந்தில் மற்றச் சபையாரும் சேர்ந்துகொள்ளலாம். அங்கே வெளியாட்களுக்கென்று ஆறு வாரம் மாலை வகுப்பு, பழைய ஏற்பாடு. "அம்மா, பிள்ளை தூங்குற நேரந்தான், போயிட்டு வாங்க" என்று மகள் பணம் கட்டிவிட்டாள். கல்லூரியின் பெயரைச் சொல்லவில்லை. நல்ல கதைதான், ஆனாலும் அந்த அம்மாவைக் கேட்காமல் எழுதுகிறேன்.

அந்த அம்மா என்றேனே, அவர்தான் எங்களுக்குப் பாடம் நடத்தியவர். அறுபது வயதிருக்கும். பழைய கார்டிகன், காலில் கேன்வாஸ் ஷூ, மளிகைக் கடைத் துணிப்பையில் புத்தகங்கள். எபிரெய மொழியில் முனைவர் பட்டம். குருப்பட்டம் கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார். ஒன்றில் ஆதியாகமம் முதல் அதிகாரம், இன்னொன்றில் இரண்டாம் அதிகாரம். "எது எதற்குப் பிறகு படைக்கப்படுகிறது என்று நம்பர் போடுங்கள்" என்றார். என் புதன்கிழமைப் பெண் கேட்ட அதே கேள்வி! எனக்கு முன் வரிசையில் கழுத்துப்பட்டை அணிந்த குருவானவர் ஒருவர் பென்சிலைச் சீவிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் அந்த அம்மாவிடம் போய் நன்றியும் சொன்னார்.

சரி, உங்கள் கேள்வி. பேரன் தூங்கும் நேரத்தில் அந்தச் செமினரி நூலகத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அந்தச் சபையின் முதல் செமினரி 1817இல் நியூயார்க்கில் ஏற்பட்ட ஜெனரல் தியாலஜிக்கல் செமினரி. அதற்கு நிலம் கொடுத்தவர் கிளெமெண்ட் மூர். தன் ஆப்பிள் தோட்டத்தையே எழுதிக் கொடுத்தார். அங்கே 1850 வரை எபிரெயுவும் நடத்தினார். பேராயர் மகன், ஆனால் அவர் குருவானவர் இல்லை. கிறிஸ்துமஸ் தாத்தா கலைமான் வண்டியில் வருகிற ஆங்கிலப் பாட்டு 1823இல் வந்ததே, அது அவர் பெயரில்தான் வழங்குகிறது. அடிமைகளை வைத்திருந்தவரும்கூட. அங்கி இல்லாதவர்களெல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்லவரவில்லை.

நான் சொல்லவந்தது அடிலெய்ட் கேஸ் என்ற பெண்மணியைப் பற்றி. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் நடத்திக்கொண்டிருந்தவரை 1941இல் மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் இருந்த எபிஸ்கோப்பல் செமினரி முழுநேரப் பேராசிரியராக எடுத்தது. அந்தச் சபையின் செமினரிகளில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். பாடம், கிறிஸ்தவக் கல்வி. எபிஸ்கோப்பல் சபை பெண்களைக் குருத்துவத்துக்கு அனுமதித்தது 1976இல். அதாவது, அவரிடம் படித்த பையன்கள் ஒவ்வொருவராகப் போய் அபிஷேகம் வாங்கினார்கள், அவருக்கு அந்த வாசல் பூட்டியே இருந்தது. 1948இல் இறந்துபோனார். பிற்பாடு அந்தச் சபையின் நினைவுநாள் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தார்கள்.

இன்னொருவர் வெர்னா டோசியர். வாஷிங்டன் நகரத்துக் கறுப்பினப் பெண்மணி. முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் டீச்சர். ஓய்வு பெற்றபின் முழுநேரமும் வேதபாடந்தான், வர்ஜீனியா செமினரியிலும் நடத்தினார். கடைசிவரை குருப்பட்டம் வாங்கவில்லை. விசுவாசிகளின் ஊழியம் குருவானவர்களின் ஊழியத்துக்குக் கீழானது இல்லை என்பதுதான் அவர் வாழ்நாளெல்லாம் சொன்னது. அவருக்காவது ஓய்வூதியம் ஒழுங்காக வந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு 14 மாதம் இழுத்தடித்தார்கள். அப்பா பெயர் ஞானமுத்து. பணிப்பதிவேட்டில் ஒரு பக்கம் இனிஷியல் 'ஞா', இன்னொரு பக்கம் 'ஜி'. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நான் ஏறி இறங்கிய படிகள் எத்தனை! "நீங்கதான் நீங்கன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்கம்மா" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த பையன், நான் பாடம் நடத்திய பையன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது அங்கி போட்டவர்கள் பக்கம். நம் ஊரில் டிகிரி முடித்த கையோடு இறையியல் கல்லூரி, அப்புறம் நேரே சபை. அங்கே பலர் இன்னொரு வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வருகிறார்கள். 2006இல் அந்தச் சபைக்கே தலைமைப் பேராயரான கேத்தரின் ஜெஃபர்ட்ஸ் ஷோரி கடலியல் விஞ்ஞானி. கணவாய் மீன்களை ஆராய்ந்தவர் கலிபோர்னியாவில் செமினரி படித்து 1994இல் குருவானவரானார். பாலி மரே வக்கீல், சட்டம் நடத்தியவர், அறுபதுக்கு மேல் ஜெனரல் செமினரியில் மாணவியாகச் சேர்ந்து 1977இல் 66 வயதில் அபிஷேகம் பெற்றார். சூசான் ஹையாட் சமூகப்பணி படித்தவர். 1974 ஜூலை 29இல் பிலடெல்பியாவில் விதியை மீறி அபிஷேகம் பெற்ற பதினொரு பெண்களில் ஒருவர். சபை அதைச் செல்லாது என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே, 1975இல் கேம்பிரிட்ஜ் செமினரி அவரையும் கார்ட்டர் ஹேவர்டையும் ஆசிரியர்களாக எடுத்தது. இப்படி ஆள் நடத்தினால் வகுப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பொதுவாக நான் பார்த்தது இதுதான். வேதாகமம், சபை வரலாறு, மொழிகள் இதற்கெல்லாம் முனைவர் பட்டம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், அங்கி இரண்டாம்பட்சம். பிரசங்கம், வழிபாடு, சபைப் பராமரிப்பு என்றால் பெரும்பாலும் குருவானவர்கள், சபையில் வருஷக்கணக்காக அடிபட்டவர்கள். அது நியாயந்தான். ஒரு தடவைகூட அடக்க ஆராதனை நடத்தாதவர் அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பார்?

அங்கே எல்லாம் தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்பின மாணவர்களுக்கென்று 1878இல் வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க்கில் தனிச் செமினரி வைத்து ஒதுக்கினார்கள். வர்ஜீனியா செமினரி தன் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்தது 1951இல்தான். டென்னசியில் செவானி செமினரியில் கறுப்பின மாணவர்கள் வேண்டாம் என்று 1952இல் அறங்காவலர் குழு சொன்னது. அந்தக் குழுவில் பேராயர்களும் உண்டு. முதல்வரும் ஆசிரியர்களில் பெரும்பாலோரும் ராஜினாமா செய்தார்கள், மறு வருஷம் குழு இறங்கிவந்தது. ராஜினாமா செய்த முதல்வரும் குருவானவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் பெரியப்பா கனவில் வந்து கேட்பார்.

ஐந்தாவது வாரம் ஒரு மதியம் அங்கே சிற்றாலயத்தில் திருவிருந்துக்குப் போனேன். திராட்சரசக் கிண்ணம் பிடித்தது ஒரு மாணவர், ஐம்பது வயது, முன்னாள் தீயணைப்பு வீரர். அன்று காலைதான் தன் எபிரெயுத் தேர்வுத் தாளை நடைபாதையில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். தாள் முழுக்கப் பச்சைப் பென்சில். திருத்தியவர் எங்கள் கேன்வாஸ் ஷூ அம்மா. வரிசையில் அந்த அம்மா எனக்கு முன்னால் நின்றார். மாணவர் கிண்ணத்தைத் தாழ்த்தினார், அவர் தலை குனிந்து வாங்கினார். கார்டிகன் பையில் பச்சைப் பென்சில் துருத்திக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர் திருநெல்வேலிக்காரர் என்றால் வேறு யாரையும் காட்ட வேண்டாம், வெள்ளாளன்விளை அசரியாவைக் காட்டுங்கள். 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், அப்போது அவர் ஒய்.எம்.சி.ஏ. செயலர், அங்கி கிடையாது. குருவானவரானது 1909இல். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர்.

கமெண்டில் "ஸ்திரீகள் சபையில் பேசக்கூடாது" வசனத்தோடு வரப்போகிறவர்களுக்கு: அது 1 கொரிந்தியர் 14. மூன்று அதிகாரம் முன்னால் 11:5ஐயும் வாசித்துவிட்டு வாருங்கள், பெண்கள் ஜெபம்பண்ணுவதும் தீர்க்கதரிசனம் சொல்லுவதும் அங்கேயே இருக்கிறது. "டீச்சர் அமெரிக்கா போய் வந்ததும் தலைகால் புரியவில்லை" என்று எழுதப்போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், எங்கள் ஊரில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

அந்த ஐயர் மாறிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. புதன்கிழமை வகுப்பு இப்போது எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடக்கிறது. பதினோரு பேர். வேதபாடம் என்றால் கேள்வி வரும் என்று ஜெபக்கூட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம். யாத்திராகமம் பதினாறாம் அதிகாரம் வந்திருக்கிறோம்.