ஞாட்ராங்கில் ஒரு பகல், பிறகு ராத்திரி ரயில்

கேள்வி: வியட்நாமில் கடற்கரை ஊரான ஞாட்ராங்கில் ஒரு பகல் மட்டும் இருப்போம். அன்று இரவே ரயிலில் சைகோன் போகிறோம். ஆத்தாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. பகலில் எதைப் பார்க்கலாம், பெட்டியை எங்கே வைப்பது? – தேவகோட்டை வாசகி

பதில்: முதலில் பெட்டி. ஓட்டல்களில் அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் பகல் 12 மணி. காலி செய்தபின் வரவேற்பறையில் பெட்டியை வைத்துவிட்டு மாலையில் எடுத்துக்கொள்ளலாம். காலையிலேயே இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: மாலையில் குளிக்க இடம் தருவார்களா? ரயிலில் குளிக்க வசதி கிடையாது. கடலில் நனைந்த உடம்போடும் மணலோடும் படுக்கையில் ஏறினால் ராத்திரி முழுக்க அரிப்புதான்.

வெயிலுக்கு முன் 7 மணி வாக்கில் போ நகர் கோபுரங்களுக்குப் போய்விடுங்கள். காய் ஆற்றங்கரைக் குன்றின் மேல், அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சம்பா நாட்டு அரசர்கள் எழுப்பிய செங்கல் கோயில் அது. மரத்தால் ஆன பழைய கோயிலைக் கடல்வழி வந்தவர்கள் 774இல் எரித்ததாகவும், சத்தியவர்மன் 784இல் திரும்பக் கட்டியதாகவும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. படி உண்டு, ஆனால் குன்று சிறியது. ஆத்தா நின்று நின்று ஏறலாம். அடிவாரத்தில் நிற்கும் எண்பட்டைச் செங்கல் தூண்களை விட்டுவிடாதீர்கள். மண்டபத்துக் கூரை எப்போதோ போய்விட்டது. தூணின் பக்கத்தில் நின்று செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே பாருங்கள், சாந்து கண்ணில் படாது. சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய வீடுகளில் வளர்ந்த நம்மவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும்! பெரிய கோபுரத்துக்குள் இருப்பவள் பகவதி. வியட்நாமியர் தங்கள் தாய்த் தெய்வமாகவே கும்பிடுகிறார்கள். சிலைக்கு ஆடை போர்த்தியிருப்பதால் பத்துக் கையும் ஒருசேரத் தெரியாது. தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள்.

அடுத்து, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லாங் சோன் விகாரை. மேலே 24 மீட்டர் வெள்ளைப் புத்தர், ஏற 152 படி. ஆத்தா கீழே வழிபாட்டுக் கூடத்தில் உட்காரட்டும், நீங்கள் ஏறி இறங்குங்கள். வழியில் "ஊதுபத்தி இலவசம்" என்று கையில் திணிப்பவர்கள் பின்னால் பணம் கேட்பார்கள்.

பதினொன்றரை முதல் ஒன்றரை வரை ஊரே மதியத் தூக்கம் போடும். பல இடங்கள் மூடியிருக்கும். அந்த நேரத்தில் எதையும் திணிக்காதீர்கள். சாப்பாடு, நிழல், அவ்வளவுதான். நாலு மணிக்கு மேல் கடற்கரை. நம் தொண்டி மாதிரி கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும், மணலில் கட்டடங்களின் நிழல் விழும். அதுதான் ஆத்தாவை நடத்திக் கூட்டிப்போக நல்ல நேரம்.

ஐப்பசி, கார்த்திகை என்றால் யோசியுங்கள். நமக்குப் பெய்யும் அதே வடகிழக்குப் பருவமழைதான் அங்கும். கடல் கொந்தளிக்கும், வெள்ளத்தில் தண்டவாளம் மூழ்கி ரயில் நிற்பதும் உண்டு.

இன்னொன்று: 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். ஒன்று சுமார் 70 ரூபாய், மற்றது 1,700 ரூபாய்க்குப் பக்கம். டாக்சி இருட்டில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பெரிய நோட்டைத் தனியாக மடித்து வையுங்கள்.

கேள்வி: அந்த ரயிலில் எந்தப் படுக்கை எடுப்பது? – காரைக்குடி வாசகர்

பதில்: ஞாட்ராங்–சைகோன் 411 கிலோமீட்டர். ராத்திரி ஏறினால் விடியலில் இறங்கலாம். ஓர் அறைக்கு நாலு படுக்கை உள்ளதை "மென் படுக்கை" என்றும் ஆறு உள்ளதை "வன் படுக்கை" என்றும் விற்கிறார்கள். ஆறில் உச்சிப் படுக்கை மலிவு. ஆனால் நிமிர்ந்து உட்கார இடமிருக்காது. மேலே ஏற நம்மூர் போல ஏணி இல்லை, சுவரில் மடக்கி வைத்த சின்ன மிதிகட்டைதான். வயதானவர்களுக்குக் கீழ்ப் படுக்கையைத் தவிர வேறு பேச்சே வேண்டாம்.

எஸ்.என்.டி. என்று தொடங்கும் ரயில் ஞாட்ராங்கிலேயே புறப்படும். ஹனோயிலிருந்து வருவதில் தாமதமும் இருக்கலாம், முன்பு யாரோ படுத்த விரிப்பும் இருக்கலாம். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் அப்படியே டிக்கெட்டில் வேண்டும். நாம் இனிஷியலை முன்னே பின்னே போட்டுக் குழப்புவதில்தான் சிக்கல் வரும். பெட்டியின் கோடியில் கொதிநீர்க் குழாய் உண்டு. குளிர்சாதனம் கடுமை, சால்வை கட்டாயம்.

கேள்வி: நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா? – கண்டனூர் வாசகி

பதில்: "சாய்" என்றால் அங்கே சைவம். அந்தச் சொல் எழுதிய பலகை உள்ள கடைக்குப் போங்கள். மற்ற கடைகளில் கறி போடாமல் காய் மட்டும் வதக்கித் தருவார்கள், மீன் சாறான "நுவக் மாம்" ஊற்றியிருப்பார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி. அவர்கள் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பலர் சைவம் சாப்பிடுவதால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் சுலபம். ரயிலுக்குப் பழமும், கையோடு கொண்டுபோன முறுக்கு, மாவுருண்டையும் போதும்.

கேள்வி: ஸ்ரீமாறன் என்ற அரசன் பெயர் வரும் பழைய கல்வெட்டை ஞாட்ராங்கில் பார்க்கலாமா? எங்கள் ஐயா சைகோனில் நகரத்தார் கிட்டங்கியில் (வணிக இல்லத்தில்) இருந்தவர். அது தமிழ்க் கல்வெட்டு என்பார். – பள்ளத்தூர் வாசகர்

பதில்: ஞாட்ராங்குக்கு அருகே வோ கான் என்ற ஊரில் கிடைத்தது உண்மை. கல் இப்போது ஹனோய் அருங்காட்சியகத்தில். மொழி சமஸ்கிருதம், தமிழ் அல்ல. "மாறன்" பாண்டியனா என்று அறிஞர்களிடையே வாதம் முடியவில்லை. ஐயாவின் நினைவாக ஓரிடம் பார்க்க வேண்டுமென்றால், ரயில் இறங்கும் சைகோனிலேயே டோன் தாட் தியப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது.